ஒற்றைச் செல் பாசிக்குப் பாலினம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இதுதான்: ஒரே செல்லால் ஆன பச்சைப் பாசியில் எல்லாச் செல்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. அப்படியிருக்க ஆண், பெண் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதை முடிவு செய்வது மரபணுவா, சூழலா? ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம் தனக்குள்ளேயே இணைசேர முடியுமா?

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ஆண், பெண் என்ற பெயர்கள் இங்கே பொருந்தாது. சிறிய, நகரும் பாலணுவை, அதாவது இணைசேரும் செல்லை, தருவது ஆண், பெரிய, அசையாத பாலணுவைத் தருவது பெண் என்பதுதான் உயிரியலின் வரையறை. இந்தப் பாசியில் இரண்டு பக்கத்துப் பாலணுக்களும் ஒரே அளவு, இரண்டுமே நீந்தும். ஆகவே விஞ்ஞானிகள் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிளஸ்ஸும் மைனஸும் சேரும். பிளஸ்ஸும் பிளஸ்ஸும் சேராது, மைனஸும் மைனஸும் சேராது. இங்கே பாலினம் என்றால் அவ்வளவுதான்.

நான் சொல்லப்போவது பெரும்பாலும் கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டி என்ற ஓர் இனத்தைப் பற்றி. பத்து மைக்ரோமீட்டர் அளவுள்ள முட்டை வடிவச் செல். முன்னால் நீந்த உதவும் சாட்டை போன்ற இரண்டு கசையிழைகள், கிண்ணம் போல ஒரே ஒரு பசுங்கணிகம், வெளிச்சத்தை உணர ஓரத்தில் ஆரஞ்சு நிறக் கண்புள்ளி. ஆய்வுக்கூடங்களில் இன்று வளர்க்கப்படும் வகைகளில் பெரும்பாலானவை 1945-ல் கில்பர்ட் ஸ்மித் என்ற தாவரவியலாளர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹர்ஸ்ட் அருகே ஓர் உருளைக்கிழங்கு வயலின் மண்ணிலிருந்து பிரித்தெடுத்ததன் வழிவந்தவை. நம் வயல் ஈரத்திலும் குட்டையிலும் இதன் உறவுக்காரர்கள் ஏராளம்.

இதன் வாழ்க்கை நம்முடையதற்குத் தலைகீழ் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் உடல் செல்களில் குரோமோசோம்கள் இரண்டு செட், பாலணுவில் மட்டும் ஒரு செட். இந்தப் பாசியோ வாழ்நாள் முழுக்க ஒரு செட்டுடன்தான் இருக்கிறது. இரண்டு செல்கள் கலந்து உண்டாகும் கருவணுவில் மட்டுமே இரண்டு செட். அதுவும் மியாசிஸ் என்ற, செட்டைப் பாதியாக்கும் செல்பிரிவு நடந்து முளைக்கும்போது மறுபடி ஒரு செட்டுக்குத் திரும்பிவிடும். இதனால் ஆய்வாளர்களுக்கு ஒரு பெரிய வசதி: ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதி. ஒன்று கெட்டால் உடனே வெளியே தெரியும், மறைக்க இன்னொன்று கிடையாது.

இனி மரபணுவா சூழலா என்ற கேள்வி. இரண்டும்தான், ஆனால் இருவருக்கும் வேலை வேறு. *எப்போது* என்பதைச் சூழல் முடிவு செய்கிறது, *எந்த வகை* என்பதை மரபணு முடிவு செய்கிறது. நைட்ரஜன் கிடைக்கிறவரை செல்கள் இரண்டாக, நான்காகப் பிரிந்து பெருகிக்கொண்டே இருக்கும். இணைசேரும் எண்ணமே இருக்காது. நைட்ரஜன் தீர்ந்ததும் சில மணி நேரத்தில் அதே செல்கள் பாலணுக்களாக மாறிவிடுகின்றன. பஞ்ச காலத்தில்தான் பாலினம் விழிக்கிறது. காரணமும் தெளிவு: இணைந்தபின் உண்டாகும் கருவணு தடித்த சுவரைக் கட்டிக்கொண்டு, குளம் வற்றினாலும் மண்ணில் காத்துக் கிடக்கும். நல்ல காலம் திரும்பியதும் முளைக்கும். ஆனால் பாலணுவாக மாறும் செல் பிளஸ்ஸா மைனஸா என்பதில் பட்டினிக்கு எந்தச் சொல்லும் இல்லை. அது பிறக்கும்போதே குறிக்கப்பட்டுவிட்டது.

அந்த இணைசேர்க்கையை ஒருமுறையாவது நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பிளஸ் பாலணுக்கள் ஒரு குழாயில், மைனஸ் இன்னொன்றில். தனித்தனியாக இருக்கும்வரை சும்மா நீந்திக்கொண்டிருக்கும். இரண்டையும் கலந்த சில நொடிகளில் செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது உடல் அல்ல, கசையிழைகள். பிளஸ்ஸின் கசையிழை மேல் ஒரு நீண்ட புரதம், மைனஸின் மேல் வேறொன்று. இரண்டும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன. அந்தத் தொடுகையிலேயே செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு மளமளவென ஏறும். உடனே ஒரு நொதி வெளியே வந்து செல்சுவரைக் கரைத்துவிடும். பிளஸ் செல்லின் முனையிலிருந்து ஆக்டின் இழைகளால் ஆன ஒரு மெல்லிய குழல் நீளும், மைனஸ் பக்கத்தில் ஒரு சிறு மேடு எழும். குழல் முனை மேட்டைத் தொட்டதும் சவ்வுகள் கலந்து, சில நிமிடங்களில் நான்கு கசையிழைகளோடு ஒரே செல் நீந்திப் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. பிளஸ்ஸில் அந்தக் குழல் முளைக்கும் இடம் கண்புள்ளிக்கு எதிர்ப்பக்கம். மைனஸில் மேடு எழுவது கண்புள்ளி இருக்கும் அதே பக்கம். இதனால் இரண்டும் சேர்ந்தபின் இரு கண்புள்ளிகளும் ஒரே பக்கத்தில் அமைகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன என்று சொன்னோமே, அது அவ்வளவு சரியில்லை. வேறுபாடு உருவ அமைப்பிலேயே எழுதியிருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் படுவதில்லை.

சரி, இதையெல்லாம் எழுதி வைத்திருப்பது எங்கே? கருவணு முளைக்கும்போது பொதுவாக நான்கு செல்கள் வரும். நான்கையும் தனித்தனியாக வளர்த்துச் சோதித்தால் இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ். திரும்பத் திரும்ப இதே 2:2. மெண்டலின் விதிப்படி ஒரே இடத்தில் உள்ள ஒரே மரபணுவைப் போல நடந்துகொள்கிறது. அந்த இடம் ஆறாம் குரோமோசோமில் இருக்கிறது. பிளஸ் செல்லில் அதன் ஒரு வடிவம், மைனஸ் செல்லில் வேறு வடிவம். ஒரே செல்லில் இரண்டும் சேர்ந்து இருக்க வழியில்லை, கருவணுவைத் தவிர.

ஆனால் பட்டியலில் எத்தனை வேலைகள் இருந்தன என்று பாருங்கள்: ஒட்டும் புரதம், குழல், மேடு, கண்புள்ளியோடு பொருந்தும் இடம். இத்தனையும் ஒரே மரபணுவின் வேலையாக இருக்க முடியாது. பல மரபணுக்கள், ஆனால் எப்போதும் கூட்டாகவே பிள்ளைகளுக்குப் போகின்றன. எப்படி?

1994-ல் பேட்ரிக் ஃபெரிஸும் உர்சுலா குடனஃபும் அந்த இடத்தைப் பிரித்துப் படித்தபோது விடை கிடைத்தது. சுமார் இரண்டு முதல் மூன்று லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு, பிளஸ்ஸிலும் மைனஸிலும் வரிசை குழம்பிக் கிடந்தது. ஒன்றில் தலைகீழாகத் திரும்பிய பகுதி, இன்னொன்றில் இடம் மாறிய பகுதி, ஒன்றில் மட்டும் உள்ள பகுதி. மியாசிஸின்போது குரோமோசோம்கள் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டுமானால் வரிசை பொருந்த வேண்டும். இங்கே பொருந்தாததால் வழக்கமான பரிமாற்றம் நடப்பதே இல்லை. பரிமாற்றம் நடந்திருந்தால் இரு வகையின் மரபணுக்களும் தாறுமாறாகக் கலந்த, யாரோடும் சேர முடியாத செல்கள் பிறந்திருக்கும். இந்தப் பூட்டு அதைத் தடுக்கிறது. நம் எக்ஸ், ஒய் குரோமோசோம்களிலும் இதே தத்துவம்தான், அளவுதான் வேறு.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். நம் ஒய் குரோமோசோம் தேய்ந்துபோனது, பழைய மரபணுக்களில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. ஒய் இழந்தாலும் ஆணிடம் ஓர் எக்ஸ் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளும். பாசியிலோ பிளஸ் செல் பிளஸ் துண்டை மட்டும் வைத்துத்தான் வாழ்கிறது, மைனஸும் அப்படியே. பூட்டிய பகுதிக்குள் அன்றாட வாழ்வுக்குத் தேவையான மரபணுக்களும் சிக்கியிருக்கின்றன. அவை இரண்டு பக்கமும் ஒழுங்காக வேலை செய்தாக வேண்டும். 2013-ல் வெளியான ஆய்வில், இந்தப் பொது மரபணுக்களில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே சிறு சிறு திருத்தங்கள் அவ்வப்போது நகலாகிப் போகின்றன என்பதும் தெரிந்தது. பெரிய பரிமாற்றத்துக்குக் கதவு பூட்டியிருந்தாலும் சின்னச் சின்னத் துண்டுகள் நுழைய இடுக்கு இருக்கிறது.

இனி முக்கியமான மரபணுவுக்கு வருவோம். இதன் பெயர் மிட்.

அரிதாக ஒரு கருவணு மியாசிஸைத் தவிர்த்துவிட்டு அப்படியே பெருகத் தொடங்கும். அதன் வழிவந்த செல்களில் பிளஸ் துண்டும் மைனஸ் துண்டும் இரண்டுமே இருக்கும். அந்தச் செல்களைப் பட்டினி போட்டால் என்னவாகும்? நடுநிலையாக இருக்குமா, இரண்டோடும் சேருமா? எதுவும் இல்லை. அவை மைனஸாகவே நடந்துகொள்ளும். மைனஸ் துண்டில் உள்ள ஏதோ ஒன்று பிளஸ்ஸை அடக்குகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஏதோ ஒன்றைக் கண்டுபிடிக்க உதவியவை குடனஃப் குழுவினர் வெளியிட்ட, இணைசேர முடியாத பிறழ்வுச் செல்கள். அவற்றில் இம்ப்-11 என்ற ஒன்று வினோதமானது. அதன் குரோமோசோமில் இருப்பது மைனஸ் துண்டு. ஆனால் பட்டினி போட்டால் பிளஸ் போல மாறி, மைனஸ் செல்களோடு கசையிழையால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுமே தவிர, கலக்காது.

1997-ல் அதே ஃபெரிஸும் குடனஃபும் மிட் மரபணுவைப் பிரித்தெடுத்தபோது இரண்டு புதிர்களும் சேர்ந்து விடுபட்டன. இம்ப்-11 செல்லின் மிட் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்து கெட்டதால் மைனஸ் செல் பிளஸ்ஸாக மாறியது. ஏன் கலக்க முடியவில்லை என்றால், கலப்பதற்குப் பிளஸ் குழலின் முனையில் ஃபஸ்-1 என்ற புரதம் வேண்டும். அதன் மரபணு பிளஸ் துண்டில் மட்டுமே இருக்கிறது, இம்ப்-11 செல்லிடம் அது இல்லவே இல்லை. பிளஸ்ஸாக மாறச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது, ஆனால் அதற்கான கருவிகளில் ஒன்று வீட்டில் இல்லை. ஓர் ஆய்வுக்கூட வகையில் மிட் தற்செயலாக இரட்டித்து வேறொரு குரோமோசோமுக்கே தாவிப்போயிருந்ததையும் அவர்கள் கண்டார்கள். மைனஸ் துண்டை விட்டு வெளியே இருந்தாலும் அது தன் வேலையைச் செய்தது. பச்சை உயிர்களில் பாலினத்தை முடிவு செய்யும் மரபணுவாக முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இதுதான்.

ஆக, கதை இப்படி ஓடுகிறது. மிட் இருந்தால் மைனஸ். மிட் இல்லாவிட்டால் செல் தானாகவே பிளஸ் பாதையில் போகும். பிளஸ்ஸாக இருக்கத் தனி உத்தரவு தேவையில்லை. மிட் தயாரிக்கும் புரதம் ஒரு மேலாளர் மாதிரி, டிஎன்ஏ மேல் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை ஏவவும் அடக்கவும் செய்கிறது. அது ஏவும் மரபணுக்களில் பல ஆறாம் குரோமோசோமிலேயே இல்லை. உதாரணமாக, பிளஸ்ஸின் ஒட்டும் புரதத்துக்கான மரபணு வேறு குரோமோசோமில், இரண்டு வகைச் செல்களிலும் இருக்கிறது. மைனஸ் செல்லிலும் அது உண்டு, ஆனால் மிட் அதைத் திறக்க விடுவதில்லை. பாலினத்துக்கான கருவிகளில் பெரும்பகுதி எல்லோரிடமும் இருக்கிறது, எதைக் கையில் எடுப்பது என்பதை மட்டும் மிட் முடிவு செய்கிறது. 2007-ல் எம்டிடி-1 என்ற இரண்டாவது மரபணுவும் மைனஸுக்குத் தேவை என்று காட்டினார்கள். ஆனாலும் முதல் சாவி மிட்தான்.

மிட் புரதத்தின் குடும்பத்தைப் பார்த்தால் இன்னொரு தொடர்பு தெரியும். இதே குடும்பத்துப் புரதங்கள்தான் செடிகளில் நைட்ரேட் இருக்கிறதா இல்லையா என்பதற்கேற்ப மரபணுக்களை இயக்குகின்றன. அவரை, உளுந்து போன்ற பயறு வகைகளின் வேர்முடிச்சு உருவாகவும் அதே குடும்பத்தில் ஒருவர் தேவை. நைட்ரஜன் பஞ்சத்தில் விழிக்கும் பாலினத்தை, நைட்ரஜனோடு தொடர்புள்ள குடும்பத்தில் பிறந்த ஒரு புரதம் நடத்துகிறது. தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இணைந்தபின் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளஸ் பாலணு ஒரு புரதத்தையும் மைனஸ் பாலணு இன்னொரு புரதத்தையும் தயாராக வைத்திருக்கின்றன. செல்கள் கலந்ததும் இரண்டும் கைகோர்த்து, கருவணுவுக்கான மரபணுக்களை எழுப்புகின்றன. ஒன்று மட்டும் இருந்தால் நடக்காது. இரு பெற்றோரும் வந்துவிட்டார்களா என்று செல் சரிபார்க்கும் முறை இது. கலப்பதற்கு மைனஸ் பக்கம் தேவைப்படும் ஹேப்-2 என்ற புரதம் பூக்கும் செடிகளின் விந்துச் செல்லிலும், மலேரியா ஒட்டுண்ணியின் ஆண் பாலணுவிலும் இருக்கிறது. அதன் வடிவத்தைப் பார்த்தபோது டெங்கு, ஜிகா வைரஸ்கள் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தோடு ஒத்திருந்தது. கொசுவின் வயிற்றிலேயே மலேரியா ஒட்டுண்ணியின் இணைசேர்க்கையைத் தடுக்கும் தடுப்பூசிக்கு இந்தப் புரதத்தைக் குறிவைத்து ஆராய்கிறார்கள்.

ரூத் சேகர் 1954-ல் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பையும் விட முடியாது. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தாங்கும் பண்பு, பிளஸ் பெற்றோரிடம் இருந்தால் நான்கு பிள்ளைகளுக்கும் போனது, மைனஸிடம் இருந்தால் ஒருவருக்கும் போகவில்லை. 2:2 இல்லை, 4:0. மரபணு உட்கருவில் மட்டுமே இருக்கிறது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இதைச் சொல்ல உறுதி வேண்டும். பசுங்கணிகத்துக்குத் தனி டிஎன்ஏ உண்டு. இணைந்த ஒரு மணி நேரத்துக்குள் மைனஸிலிருந்து வந்த பசுங்கணிக டிஎன்ஏ அழிக்கப்பட்டுவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் இதற்கு நேர்மாறு: அது மைனஸிடமிருந்து மட்டும் வருகிறது. அப்படியானால் தாய் யார்? பசுங்கணிகத்தைக் கேட்டால் பிளஸ், மைட்டோகாண்ட்ரியாவைக் கேட்டால் மைனஸ். ஆண், பெண் என்ற சொற்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் துறையின் இருண்ட பக்கம் ஒன்றும் உண்டு. 1930-களில் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் மோவுஸ் என்பவர், கிளாமிடோமோனாஸில் பாலினம் இரண்டல்ல, பல படிகள் கொண்டது, குங்குமப்பூவின் நிறப்பொருளோடு உறவுள்ள வேதிப்பொருட்களின் விகிதம்தான் அதை முடிவு செய்கிறது என்று எழுதினார். நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ரிச்சர்ட் கூன் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். 1939-ல் மரபியலாளர்கள் உர்சுலா ஃபிலிப்பும் ஜே.பி.எஸ். ஹால்டேனும் அந்த எண்களைக் கணக்கிட்டு, இவ்வளவு கச்சிதமாக வருவது நம்ப முடியாதது என்று காட்டினார்கள். (பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து புவனேஸ்வரில் இறந்த அதே ஹால்டேன்தான்.) 1950-களில் அமெரிக்காவில் பிரான்சிஸ் ரையன் அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவுகள் வரவில்லை. பழைய பாடநூல்களில் பாசியின் பாலினம் சார்பு நிலை கொண்டது என்று படித்திருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

பிளஸ், மைனஸிலிருந்து உண்மையான ஆண், பெண் எப்படி வந்தது என்பதற்கும் இதே குடும்பத்தில் விடை இருக்கிறது. கிளாமிடோமோனாஸின் உறவினரான வால்வாக்ஸ் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்த பச்சை உருண்டை. அதில் பெண் உருண்டை பெரிய முட்டைகளையும், ஆண் உருண்டை பொட்டலம் பொட்டலமாக விந்தணுக்களையும் தரும். சென்னையில் பணியாற்றிய எம்.ஓ.பி. ஐயங்கார் தென்னிந்தியக் குளங்களில் இந்தக் குடும்பத்தை விரிவாக ஆராய்ந்து 1933-ல் வெளியிட்டார். மரபணு என்று எதையும் பிரித்துப் பார்க்க முடியாத காலத்தில், நுண்ணோக்கியையும் பொறுமையையும் மட்டும் நம்பிச் செய்த வேலை.

மிட் எந்தப் பக்கம் போயிருக்கிறது? 2006-ல் ஜப்பானின் ஹிசயோஷி நோசாகி குழுவினர், ப்ளியோடொரினா என்ற உறவினத்தில் மிட் ஆணிடம் மட்டும் இருப்பதைக் கண்டு, ஆண்மை என்ற பொருள்பட ஒட்டோகோகி என்று பெயரிட்டார்கள். ஆக, மைனஸ் வழியில் வந்தவர்தான் ஆண். 2014-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் யூமன் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். பெண் வால்வாக்ஸுக்குள் வால்வாக்ஸின் மிட்டைச் செலுத்தினார்கள். அது முட்டைக்குப் பதில் விந்தணுப் பொட்டலங்களைத் தந்தது, அந்த விந்தணுக்கள் வேலையும் செய்தன. ஆண் வால்வாக்ஸில் மிட்டை அடக்கினார்கள். அது முட்டை போட்டது. எந்தக் குரோமோசோம் இருக்கிறது என்பதை மீறி ஒரு மரபணு பாலினத்தை மாற்றியது.

குரோமோசோமில் பூட்டிக் கிடக்கும் அந்தப் பாலினப் பகுதி பெரிதானதால்தான் ஆண், பெண் பிறந்தார்கள் என்றும் நினைக்கத் தோன்றும். வால்வாக்ஸில் அந்தப் பகுதி பத்து லட்சம் எழுத்துகளைத் தாண்டுகிறது, கிளாமிடோமோனாஸைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனால் 2018-ல் இன்னோர் உறவினமான யூடோரினாவைப் படித்தபோது, பெரிய பாலணு, சிறிய பாலணு என்று பிரிந்துவிட்ட அந்த இனத்தில் பாலினப் பகுதி எதிர்பாராத அளவுக்குச் சிறியதாக இருந்தது. ஆகவே பகுதியின் பருமன் காரணம் அல்ல. மிட் யாரையெல்லாம் ஏவுகிறது என்ற பட்டியல் மாறியதுதான் காரணம் என்பது என் கருத்து.

கடைசிக் கேள்வி, ஒரே செல்லின் வழிவந்தவை தங்களுக்குள் சேருமா? கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டியில் சேராது. ஒரு செல்லிலிருந்து கோடி செல் வளர்த்தாலும் எல்லாம் ஒரே வகை. பட்டினி போட்டால் பாலணுக்களாக மாறி, துணை வராமல் காத்திருக்கும், நைட்ரஜன் திரும்பினால் பழையபடி பெருகத் தொடங்கும். வகை தெரியாத ஒரு குளோனை, அதாவது ஒரே செல்லின் வழிவந்த கூட்டத்தை, சோதிப்பதும் இதை வைத்துத்தான். தெரிந்த பிளஸ்ஸோடு ஒரு குழாயில், தெரிந்த மைனஸோடு இன்னொரு குழாயில் கலக்க வேண்டும். எதில் கொத்து விழுகிறதோ அதற்கு எதிர் வகை.

ஆனால் கிளாமிடோமோனாஸ் மோனோய்கா என்ற இனத்தில் ஒரே குளோனின் செல்கள் தங்களுக்குள் தாராளமாகச் சேரும். அப்படிப்பட்ட நிலை எப்படி வரலாம் என்பதற்கு வால்வாக்ஸ் ஆஃப்ரிகானஸ் ஒரு நல்ல தடயம் தருகிறது. இந்த இனம் ஒரே குளோனில் முட்டையும் விந்தணுவும் தருவது. 2021-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, பெண்ணின் பழைய பாலினப் பகுதி ஏறக்குறைய முழுதாகவே இருந்தது. ஆணின் பகுதியிலிருந்து சில மரபணுக்கள் மட்டுமே தப்பியிருந்தன. அவற்றில் ஒன்று மிட், தன் பழைய இடத்தை விட்டு வேறோர் இடத்தில் குடியேறியிருந்தது.